திசை சொல்லும் டிராகனும் கட்சி மாறும் காம்பஸும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஜோஜோஸ் பிஸார் அட்வென்ச்சர்' அனிமேயின் ஆறாம் பாகமான 'ஸ்டோன் ஓஷன்' இன்னும் பார்க்காதவர்கள், இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் இங்கேயே எஸ்கேப் ஆகிவிடுங்கள். கிளைமாக்ஸ் வரைக்கும் போட்டு உடைக்கப் போகிறேன். அப்புறம் வந்து திட்டக் கூடாது.

போன வாரம் ஒரே நாளில் இரண்டு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மத்தியானம் குர்காவ் ஆபீஸ் கேன்டீனில், என் டீமில் இருக்கும் பெங்காலிப் பையன். "கென்ஸோ ஃபைட்தான் தாதா மொத்த சீரிஸ்லயே மொக்கை. எதிராளிக்கே ஐடியா குடுக்கற ஸ்டாண்டை எவனாவது வெச்சிருப்பானா?" என்று ராஜ்மா சாவலைக் கிளறிக்கொண்டே தீர்ப்பு சொல்லிவிட்டான். ராத்திரி சென்னையிலிருந்து கல்லூரி நண்பன் போன். அவன் பகுத்தறிவுப் பார்ட்டி. "டேய், நாப்பது வயசுக்கு மேல ஃபெங்சுயி கார்ட்டூன் பார்க்கறியே, வெட்கமா இல்ல?"

இரண்டு பேரும் தப்பு. அதுவும் ஒரே இடத்தில் தப்பு.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. ஹிரோஹிகோ அராகியின் மாங்கா, 2003இல் முடிந்தது. அனிமேயாக 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் ஆரம்பித்து அடுத்த வருடம் டிசம்பரில் 38 எபிசோடோடு முடித்தார்கள். ஃப்ளோரிடாவில் ஒரு ஜெயில். ஜோலின் என்கிற பெண் செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருக்கிறாள். இந்தக் கதையில் 'ஸ்டாண்ட்' என்றால் ஒருவருடைய மனபலம் உருவமெடுத்துப் பக்கத்தில் நிற்பது. ஆளுக்கு ஒரு சக்தி.

அந்த ஜெயிலில் ரொம்ப மோசமான கைதிகளைப் பூட்டும் பிரிவில் கென்ஸோ என்று ஒரு கிழவர். முன்னாள் சாமியார் கேஸ். ஒரு மதக் கும்பலுக்குத் தலைவராக இருந்து உள்ளே வந்தவர். (நமக்குப் பழக்கமான டைப்தான்.) அவருடைய ஸ்டாண்ட் பெயர் 'டிராகன்ஸ் ட்ரீம்'. காம்பஸ் மாதிரி ஒரு தட்டு, அதோடு ஒரு குட்டி டிராகன். அது யாரையும் கடிக்காது, நெருப்பு கக்காது. இந்த நிமிஷம் எந்தத் திசையில் அதிர்ஷ்டம், எந்தத் திசையில் கெட்ட நேரம் என்று மட்டும் சொல்லும். கிழவர் நல்ல திசையிலிருந்து அடிப்பார், அடி விழும். நீங்கள் கெட்ட திசையில் நின்றால் வழுக்குவதோ மேலே ஏதாவது வந்து விழுவதோ, ஏதோ ஒன்று நிச்சயம்.

இதில் அராகி வைத்த ஆப்பு என்னவென்றால், அந்த டிராகன் நடுநிலை. அது கென்ஸோவின் ஸ்டாண்ட்தான், ஆனால் கென்ஸோவின் கட்சி இல்லை. எதிராளிக்கும் திசை சொல்லும். பெங்காலிப் பையனுக்கு இதுதான் லாஜிக் ஓட்டை. எனக்கு இதுதான் மொத்த சண்டையுமே.

இதை அராகி ஒன்றும் அந்தரத்தில் பிடிக்கவில்லை. ஜப்பானில் ஹெய்யான் காலத்துப் பிரபுக்களிடம் 'கததகாயெ' என்று ஒரு பழக்கம் இருந்தது. போக வேண்டிய இடம் கெட்ட திசையில் இருந்தால் நேராகப் போக மாட்டார்கள். முதல் நாள் ராத்திரி வேறு திசையில் ஒருவர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் அங்கிருந்து கிளம்பினால் திசை மாறிவிடும், தோஷமும் தப்பிவிடும். நம்ம ஊர் தினசரி காலண்டரில் சூலம் போட்டிருப்பான் பாருங்கள், திங்கள் சனி கிழக்கு, பரிகாரம் தயிர் என்று, அதேதான். நாம் ஒரு ஸ்பூன் தயிரில் முடிப்பதை அவர்கள் ஒரு ராத்திரி தங்கி முடித்தார்கள். யாருக்குச் செலவு அதிகம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வடகிழக்கு இன்னும் சுவாரஸ்யம். ஜப்பானில் அதற்கு 'கிமோன்' என்று பெயர், பேய் வாசல். 794இல் கியோத்தோ தலைநகரானது. ஊருக்கு வடகிழக்கே இருக்கிற ஹியெய் மலைக் கோயிலைத்தான் பேய்க்குக் காவல் என்று நம்பினார்கள். அரண்மனைச் சுற்றுச்சுவரின் வடகிழக்கு மூலையை மட்டும் உள்பக்கமாக மடித்துக் கட்டியிருக்கிறார்கள், மூலையே இல்லையென்றால் பேய் எப்படி வரும் என்று! நம் வாஸ்துவில் அதே வடகிழக்கு ஈசானம், தெய்வம் இருக்கிற மூலை. அங்கே பேய் வரும் என்பதால் டாய்லெட் கூடாது, இங்கே சாமி வரும் என்பதால் டாய்லெட் கூடாது. காரணம் நேர் எதிர், டாய்லெட்டுக்கு மட்டும் இரண்டு இடத்திலும் தடா.

டாய்லெட் என்றதும் என் சொந்தக் கதைக்கு வந்தாக வேண்டும்.

2011இல் குர்காவில் ஒரு ஃபிளாட் பார்த்தோம். புரோக்கர் கையோடு ஒரு ஆசாமியைக் கூட்டிவந்தான். வாஸ்து, ஃபெங்சுயி இரண்டுமே பார்ப்பாராம், காம்போ ஆஃபர் மாதிரி. நெற்றியில் திலகம், கையில் பித்தளை காம்பஸ். அறை அறையாகப் போய் அதை வைத்துப் பார்த்துவிட்டு, "பஹுத் படியா, சார், லட்சுமி நிற்கும் வீடு" என்றார். அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். அவருக்கு ஹிந்தி அரைகுறை, ஆனால் லட்சுமி புரிந்துவிட்டது. ரிட்டயர்மென்ட் பணத்தில் பெரிய பங்கை அட்வான்ஸுக்குக் கொடுத்தார். "நல்ல வீடுடா, நானே பார்த்து முடிச்சது" என்று ஊரெல்லாம் சொன்னார்.

2019இல் விற்க வேண்டி வந்தது. வாங்க வந்தவர் ஒரு கன்சல்டன்ட்டோடு வந்தார். கதவைத் திறந்தால் அதே ஆள்! தலை கொஞ்சம் நரைத்திருந்தது, காம்பஸ் அதே பித்தளை. எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருந்தார். நேராக டாய்லெட்டுக்குப் போய், "அரே, ஈசான் கோணத்தில் டாய்லெட்! இந்த வீட்டில் ஆரோக்கியமும் நிற்காது, பணமும் நிற்காது" என்றார். விலையில் மூன்றரை லட்சம் குறைந்தது.

எட்டு வருஷத்தில் அந்த டாய்லெட் ஒரு அங்குலம் நகரவில்லை. காம்பஸில் முள் காட்டிய திசையும் அதேதான். (கம்பி போட்ட கான்க்ரீட் கட்டிடத்துக்குள் முள் எவ்வளவு ஒழுங்காகக் காட்டும் என்பது வேறு கதை. இரும்பு பக்கத்தில் இருந்தால் அது கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.) மாறினது ஒன்றே ஒன்றுதான், ஃபீஸ் கொடுத்த பாக்கெட்.

மூன்றரை லட்சம் போனால் போகட்டும் என்று விடலாம். நான் செய்த முட்டாள்தனம், இதை ஒரு ஜோக்காக நினைத்து அப்பாவிடம் போனில் சொன்னது. அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதான்டா... அம்மாவுக்கு ஆபரேஷன் ஆச்சே, உனக்கு அந்த ஒரு வருஷம் வேலை இல்லாம போச்சே... நான்தானே அந்த வீட்டைப் பார்த்து முடிச்சேன்" என்றார். அந்த ஆள் இரண்டு முறை கட்சி மாறினது அவர் காதில் விழவே இல்லை. டாய்லெட் மட்டும் விழுந்தது. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இன்றைக்கும் அந்த வீட்டுப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

இப்போது சென்னை நண்பனுக்கு. நீ எங்கள் அப்பாவிடம் வந்து "அதிர்ஷ்டம் என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் மூடநம்பிக்கை" என்று மூன்று மணி நேரம் பேசினாலும் ஒரு மயிரிழை நகராது, சாமி. அராகி உன்னை மாதிரிப் பேசவில்லை. சரி, அதிர்ஷ்டம் உண்டு, திசை உண்டு, டிராகன் சொல்வது நூற்றுக்கு நூறு நிஜம் என்று முழுசாக ஒத்துக்கொள்கிறார். ஒத்துக்கொண்டுவிட்டு, அதைச் சொல்லும் டிராகனை யார் பக்கமும் சாயாமல் உட்கார வைக்கிறார். அவ்வளவுதான், கிழவரின் கெத்து காலி. இவரிடம் இருந்தது அருளும் இல்லை, தபசும் இல்லை, மற்றவர்களுக்கு முன்னால் கொஞ்சம் தகவல். அதை வைத்துத்தான் ஆளை மிரட்டிக்கொண்டிருந்தார். வெளியே மதக் கும்பல் நடத்தியபோதும் இதைத்தானே செய்திருப்பார்?

பெங்காலித் தம்பிக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. டிராகன் கென்ஸோவுக்கு மட்டும் சொல்லியிருந்தால், அதுதான் மொக்கை. குர்காவில் பித்தளை காம்பஸோடு சுற்றும் எந்த ஆசாமியும் செய்வதைத்தான் அதுவும் செய்திருக்கும். அதைப் பார்க்க எனக்கு நெட்ஃபிளிக்ஸ் எதற்கு?

கென்ஸோ எப்படித் தோற்கிறார் என்று பாருங்கள். அனசுயி என்பவனுடைய ஸ்டாண்ட் 'டைவர் டவுன்', பொருளுக்குள்ளும் உடம்புக்குள்ளும் நுழைந்து உள் அமைப்பையே மாற்றிவிடும். அவன் திசையோடு சண்டை போடவில்லை. கிழவரின் கால் எலும்பை ஸ்ப்ரிங் மாதிரி ஆக்கிவிடுகிறான். நல்ல திசை எது என்று இப்போதும் அவருக்குத் தெரியும், போய் நிற்கக் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. தியேட்டராக இருந்தால் விசில் அடித்திருப்பேன்.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. நடுவில் எது எந்தத் திசை என்று குழம்பிப்போய் இரண்டு தடவை ரிவைண்ட் செய்தேன். எஃப்.எஃப். என்கிற பிளாங்டன் கூட்டம் (ஆமாம், ஒரு பெண்ணின் உடம்பில் வாழும் பிளாங்டன், கேட்காதீர்கள்) பாவம், ரொம்ப அடி வாங்குகிறது. ஆனால் இதை இடைச்செருகல் என்று சொல்பவர்கள் கிளைமாக்ஸைப் பார்த்தார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. வில்லன் பாதிரியார் பூச்சியின் திட்டமே, எல்லா மனிதர்களுக்கும் தங்களுக்கு வரப்போவது முன்கூட்டியே தெரிந்துவிட வேண்டும், தெரிந்தால் மனசைத் தயார் செய்துகொள்வார்கள், அதுதான் சொர்க்கம் என்பது. அதன் சாம்பிள் பாக்கெட்தான் கென்ஸோ. வரப்போவது தெரிந்த மனுஷன் சாந்தமாகவா இருந்தார்? தெரியாதவனை அடிக்கத்தானே போனார்?

ஒன்று விட்டுப்போச்சு. 2019இல் டாய்லெட்டைப் பார்த்து முடித்ததும் நம்ம கன்சல்டன்ட் காம்பஸைப் பைக்குள் போட்டார், நமஸ்தே சொன்னார், கதவைத் தாண்டி வெராந்தாவில் இந்தப் பக்கம் நாலடி நடந்தார், அந்தப் பக்கம் நாலடி நடந்தார், திரும்பி வந்து என்னைக் கேட்டார்: "சார், லிஃப்ட் எந்தப் பக்கம்?"