மீன் தொட்டி வேண்டும், அதை வைக்க மண்ணும் வேண்டும்



போன வருடம் எங்கள் டிவிஷனில் ஆறு குடும்பங்களுக்கு ஆளுக்கொரு நீலப் பெரலும், அதைப் பாதியாக வெட்டிய இன்னொரு துண்டும், சின்ன மோட்டாரும், குழாய்த் துண்டுகளும் கிடைத்தன. மீனும் கீரையும் ஒரே தண்ணீரில் வளரும், அதற்கு 'அக்குவாபோனிக்ஸ்' என்று பெயர் என்றார்கள். ஒரு நாள் வகுப்பு நடந்தது. போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். ஒன்பதாம் நாள் காலையில் நான் மலைக்குப் புறப்படும்போது பார்த்தால், இருபது மீனில் பதினேழு வயிற்றைக் காட்டி மிதக்கின்றன. மற்ற ஐந்து வீடுகளிலும் அதே கதைதான். இன்று அந்தப் பெரல்களில் நான்கு, பீலித் தண்ணீர் பிடித்து வைக்க உதவுகின்றன.

"லயத்துக்கு இதெல்லாம் சரிவராது" என்று தோட்டக் கமிட்டியில் ஒரு அண்ணன் சொன்னார். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மீன் செத்தது நம்மால் முடியாததால் அல்ல. நமக்கு முழுதாகச் சொல்லிக் கொடுக்காததால். இரண்டாம் முறை நானே வைத்தேன். இன்றுவரை ஓடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மீன் ஏன் செத்தது என்று பார்ப்போம். மீனின் கழிவில் அமோனியா இருக்கிறது. அது கூடினால் மீனுக்கே நஞ்சு. தண்ணீரிலும் கல்லிலும் தானாக வந்து குடியேறும் ஒரு வகை பக்டீரியா அதை நைத்திரைற்றாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை பக்டீரியா அதை நைத்திரேற்றாக மாற்றுகிறது. அதுதான் செடிக்கு உரம். செடி அதை எடுத்துக்கொள்ள, தண்ணீர் சுத்தமாகித் தொட்டிக்குத் திரும்புகிறது. இந்த இரண்டு வகையும் பெருகி நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். நம்முடைய குளிருக்கு இன்னும் கொஞ்சம் கூட எடுக்கும். புதுத் தொட்டியில் முதல் நாளே இருபது மீனைப் போட்டால், அது கான் இல்லாத லயத்தில் இருபது குடும்பத்தைக் குடிவைத்த மாதிரி.

இரண்டாம் முறை நான் செய்தது இவ்வளவுதான். பெரலில் தண்ணீர் நிரப்பி, வெட்டிய துண்டில் கல் போட்டு, மீன் இல்லாமலே ஆறு வாரம் ஓடவிட்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தண்ணீரில் போட்டேன். அது அழுகி அமோனியா வர, பக்டீரியா பெருகியது. பிறகு எட்டு மீன் மட்டும் விட்டேன். பத்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் தீனி போடுவதில்லை. தின்னாத தீனியும் நஞ்சாகும்.

கல்லை எடுக்குமுன் அதன்மேல் கொஞ்சம் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம். பெரலில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். மருந்து இருந்த பெரல் என்றால் எத்தனை தரம் கழுவினாலும் ஆகாது. செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. செடியில் படுவது மீனுக்குப் போகும். தொட்டிக்கு மேலே வலை கட்டுங்கள். கொக்குக்காக மட்டுமல்ல, நம் பிள்ளைகளுக்காகவும்.

ஊவாவில் எல்லாத் தோட்டமும் ஒன்றல்ல. பதுளை, பசறைப் பக்கத்துத் தாழ்ந்த டிவிஷன்களில் திலாப்பியா வளரும். நாம் ஜப்பான் மீன் என்கிறோமே, அதுதான். அதற்கு வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். 27, 28 பாகை என்றால் நன்றாக வளரும், 20க்குக் கீழே போனால் தீனியைக் குறைத்துக்கொள்ளும். பண்டாரவளை, ஹப்புத்தளை உயரத்தில் கெண்டை இனம்தான் தாக்குப்பிடிக்கும். எல்லோருக்கும் ஒரே மீனைக் கொடுத்துவிட்டுப் போகிற திட்டம், ஹப்புத்தளைக் குளிரை அறியாதவர் போட்ட திட்டம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். எட்டு மீன், ஒவ்வொன்றும் கால் கிலோ வளர்ந்தால் இரண்டு கிலோ. அதற்கு எட்டு மாதமாவது ஆகும். 20 வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் மாதத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். 5 வாட் மோட்டார் என்றால் மூன்றரை யூனிட் அளவு. எனவே மோட்டார் சின்னதாகவே இருக்கட்டும். மீன் குறைவாக இருந்தால் கரண்ட் போனாலும் சில மணி நேரம் தாங்கும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. நெருக்கமாக மீன் விட்டவருக்கு அப்படி ஒரு நாள் போதும், எல்லாம் போய்விடும்.

மோட்டாரே இல்லாமல், காலையும் மாலையும் பத்து வாளித் தண்ணீரைக் கைகளால் கல் படுக்கையில் ஊற்றியும் செய்யலாம். ஆனால் அந்த இருபது வாளியை யார் தூக்குவது? நாள் முழுவதும் கொழுந்துக் கூடை சுமந்து வந்த பெண்ணா? வீட்டில் ஆண்களும் பெரிய பிள்ளைகளும் முறை போட்டுக்கொள்ளாவிட்டால் இது பெண்களுக்கு இன்னொரு 'பெயர்' இல்லாத வேலையாகிவிடும்.

அப்படியானால் லாபம் எங்கே? கீரையில். அந்தப் பாதிப் பெரலில் கங்குன், பொன்னாங்கண்ணி, வல்லாரை, புதினா, வெங்காயத்தாள் என்று வாரத்தில் மூன்று நாலு நாள் கறிக்கு வருகிறது. மீன் அதன்மேல் கிடைக்கும் கொசுறு. ஆனால் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கொசுறும் பெரிது. 2016இல் நடந்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி நாட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17.3 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்தில் அது 31.7 வீதம். அதற்குப் பிறகு 2022 செப்டெம்பரில் கொழும்புக் கணக்குப்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் வரை போனது. டின் மீனைக் கடைத் தட்டில் பார்த்துவிட்டுத் திரும்பிய நாட்கள் அவை.

இந்த முறை நமக்கு மட்டும் வந்ததல்ல. 2010ஐ ஒட்டிய காலத்தில் ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் காஸா நகரில், பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வீட்டுக் கூரைகளில் இப்படி மீனும் மரக்கறியும் வைத்துக் கொடுத்தது. அவர்களுக்கும் நிலம் இல்லை. நிலம் இல்லாதவர்கள் கூரையைத் தேடுகிறார்கள். நமக்கோ லயத்துத் தகரக் கூரைதான், அதில் ஒரு பூனைகூட நிம்மதியாக நடக்க முடியாது.

இங்கேதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "வீட்டுத் தோட்டம் செய்யுங்கள்" என்று நமக்கு எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். செய்ய வீடு எங்கே, தோட்டம் எங்கே? 10 அடிக்கு 12 அடிக் காம்பராவும் இஸ்தோப்பும்தான் பல குடும்பங்களுக்கு இன்னும். பின்பக்கத்தில் ஒரு பெரல் வைத்தால் "யாரைக் கேட்டு வைத்தாய்" என்ற கேள்வி வருகிறது. தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணைத் தேயிலையாக்கிய நாம், ஒரு பெரல் வைக்கும் இடத்துக்கு அனுமதி கேட்டு நிற்கிறோம்.

மண் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 500 லீற்றர் தண்ணீர் என்றால் 500 கிலோ. அதை மேட்டு விளிம்பிலோ, வெடித்த மதிலுக்கு மேலேயோ வைக்கக் கூடாது. வழிகிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் கானுக்குப் போக வழி செய்ய வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைக் கண்டவர்கள் நாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டம் பட்ட பாட்டையும் கண்டோம். நம் லயங்கள் நிற்கும் இடத்தை நாம் தெரிவு செய்யவில்லை. பெரல் வைக்கும் இடத்தையாவது பார்த்து வைப்போம்.

ஆகவே சங்கம் இந்த விஷயத்தைத் தோட்டக் கமிட்டிகளில் எடுத்துப் பேச வேண்டும் என்பது என் கருத்து. நாம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. லயத்தைச் சுற்றியுள்ள துண்டு நிலத்தில் பயிர் செய்யவும் தொட்டி வைக்கவும் நிர்வாகம் எழுத்தில் அனுமதி தர வேண்டும். மலையில் புல்லுக்கு மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பீலி வரும் ஓடைக்கு மேலே அடித்தால் செத்துப்போவது மீன் மட்டுமல்ல, குடிக்கிறவர்களும் நாம்தான். ஆபத்தான மேடுகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வந்து பார்க்க வேண்டும். தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை உயரத்துக்கு ஏற்ற மீன்குஞ்சையும், தமிழில் பயிற்சியையும் தர வேண்டும். அந்தப் பயிற்சி ஒரு நாள் வகுப்போடு முடியாமல், முதல் ஆறு வாரமும் யாராவது வந்து பார்ப்பதாக இருக்க வேண்டும்.

நாளை ஒருவர் வந்து, "உங்களுக்குத்தான் மீனும் கீரையும் இருக்கிறதே, சம்பளம் எதற்குக் கூட" என்று கேட்கக் கூடும். அவருக்கு எட்டு மாதத்தில் இரண்டு கிலோ என்ற கணக்கைக் காட்டுங்கள். மீன் தொட்டி சம்பளத்துக்குப் பதில் அல்ல, காணி உரிமைக்கும் பதில் அல்ல. அது நம் பிள்ளையின் தட்டில் ஒரு பிடி கீரை, எப்போதாவது ஒரு துண்டு மீன். அதற்காகவும் போராடலாம்.

தொடங்க நினைப்பவர்கள் தனியாகத் தொடங்காதீர்கள். ஒரு லயத்துக்கு ஒரு தொட்டி, மூன்று குடும்பம், முறை போட்டுப் பார்ப்பது. எட்டு மீனுக்கு மேல் வேண்டாம், ஆறு வாரத்துக்கு முன் மீனே வேண்டாம். என் தொட்டியைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரலாம். வரும்போது சும்மா வாருங்கள், போகும்போது ஒரு கட்டு கங்குன் தருகிறேன்.