பழுதுற்ற வட்டும் பதறிய கையும்

1988-இல் பெர்க்லி சர்வகலாசாலையைச் சார்ந்த பாட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் என்னும் மூவர், மலிவான வட்டுக்கள் பலவற்றைக் கோத்து, ஒன்று பழுதுறினும் தரவு அழியாது காக்கும் ரெய்ட் முறையை விளக்கி எழுதினர். இன்று லினக்ஸ் அதனை மென்பொருளாலேயே நடத்துவதால், வீட்டிலே சிறு சர்வர் வைத்திருப்போரும் அதனைக் கைக்கொள்ளுகின்றனர். நன்றே. ஆயினும் அத்தொகுதி நின்றுபோன நாளில் அதனை முற்றுங் கெடுப்பது பெரும்பாலும் உடையவரின் அவசரமே என்பது எமது துணிபு.

யாமும் அவ்வாறே கெடுத்தோம். எமது ரெய்ட் 5 தொகுதியின் நான்கு வட்டுக்களுள் இரண்டு ஒருங்கே விலகினமை கண்டு, தொகுதியைப் புதிதாய் ஆக்கும் கட்டளையை இட்டோம். வட்டுக்களின் வரிசை பிறழ்ந்தது. போதாதென்று அதன்மேற் கோப்புமுறையைத் திருத்தும் கருவியையும் ஓட்டினோம். அஃது எழுதிய எழுத்தில் எம் தந்தையாரின் படங்கள் பல மறைந்தன. பின்னர்ப் பார்த்தால், அவ்விரண்டு வட்டுக்கும் மின்சாரந் தந்த கேபிள் தளர்ந்திருந்தது, அவ்வளவே!

முதலிற் செய்யத்தக்கது, யாதும் எழுதாது படித்தலே. ஒவ்வொரு வட்டிலும் நிகழ்ச்சியெண் ஒன்று பதிந்துள்ளது. 'எக்ஸாமின்' கட்டளை அதனைக் காட்டும். எண்கள் சிறிதே வேறுபடின், கேபிளைச் செருகி, வட்டுக்களைப் படியெடுத்தபின், பழைய தொகுதியையே வலிந்து கூட்டலாம். ரெய்ட் இருக்கப் பிரதி எதற்கு என்பாரும் உளர். தவறி அழித்த கோப்பை ரெய்ட் மீட்டுத் தாராது. எஞ்சிய படங்களின் பிரதி இப்போது எம் தமக்கையார் வீட்டில் இருக்கின்றது.