நூலக வரி பதினோரு ரூபாய்

சென்ற ஆண்டு வீட்டு வரி கட்டிவிட்டு வந்த அம்மா, ரசீதை என்னிடம் நீட்டி, "இதுல என்னென்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு ராசா" என்றார். வீட்டு வரி 110 ரூபாய். நூலக வரி 11 ரூபாய் என்று படித்தேன். "நூலகமா? நான் அந்தப் பக்கமே போனதில்லையே!" என்று வியந்தார். "உன் பிள்ளை போறேன்ல அம்மா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது: கல்லூரியில் சேர்ந்த நாள்முதல் நானும் அந்தப் பக்கம் போனதில்லை.

காரணம் சோம்பல் அன்று. எங்கள் ஊரில் இருப்பது பகுதி நேர நூலகம். மாலையில் சில மணி நேரம் திறந்திருக்கும். நான் பேருந்தைவிட்டு இறங்கும்போது கதவு பூட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் அப்பாவுடன் வேலைக்குப் போகிறவன். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை என்னைப் படிக்க வைத்த இடம் அது. மேசையின்மேல் புத்தகத்தை வைத்துப் படிப்பது எப்படி இருக்கும் என்பதை நான் அறிந்ததே அங்கேதான். எங்கள் வீடு ஓர் அறை. அதில் மேசைக்கு ஏது இடம்?

மாணவ நண்பர்களே, இந்த வரி எங்கிருந்து வந்தது என்று அறியும் ஆவலில் நம் கல்லூரி நூலகரை அணுகினேன். அவர் எடுத்துத் தந்த 1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் ஆங்கில நகலை, பக்கத்தில் அகராதியோடு இரண்டு நாள் படித்தேன். விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் அது. அதற்காக ஆண்டுக்கணக்கில் வாதாடியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். கணித விரிவுரையாளராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். (கணிதத் துறையினராகிய நாங்கள் சற்றே தலை நிமிர்ந்துகொள்ள அனுமதி வேண்டும்!) அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் மசோதாவை நிறைவேற்றினார். 1950-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ரூபாய்க்கு ஆறு தம்படி, அதாவது அரையணா, என்று தொடங்கிய வரி இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா.

சட்டம் பழையதாகிவிட்டது, அதில் கணினி இல்லை, இணையம் இல்லை என்று பலரும் குறை கூறுகின்றனர். எனக்கு அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. லாந்தர் ஸ்லைடுகளும் சினிமாச் சுருள்களும் நூலகத்தில் இருக்கலாம் என்று அந்நாளிலேயே எழுதி, பொருத்தமான பிற பொருள்களுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். அந்தக் கதவு வழியாகவே கணினி உள்ளே வந்துவிடும்.

குறை இரண்டு சிறு சொற்களில் இருக்கிறது. வரியைப் பற்றிய பிரிவில் நூலக ஆணைக்குழு அதை விதிக்க 'வேண்டும்' என்கிறது சட்டம். நூலகம் அமைப்பது, நூல் வாங்குவது, பணியாளரை வைப்பது ஆகியவற்றைப் பேசும் பிரிவிலோ ஆணைக்குழு அவற்றைச் செய்ய'லாம்' என்கிறது. என் அம்மாவுக்கு 'வேண்டும்', எனக்கு 'லாம்'! கொடுப்பவர் கட்டாயம் கொடுக்க வேண்டுமென்றால், பெறுபவருக்கும் கட்டாயமாக ஏதேனும் கிடைக்க வேண்டாமா? எத்தனை மணி நேரம் திறந்திருக்கும், வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கும் என்பதைப் பற்றி அந்தப் பிரிவுகளில் ஒரு வரிகூட இல்லை. வாசகரின் நேரத்தை மதித்து ஒரு விதியே வகுத்தவரின் நாட்டில் இப்படி!

1948-இல் இருந்தவர்களை நான் குறைகூறவில்லை. பணத்துக்கு வழியில்லாமல் நூலகம் நடக்காது என்பதறிந்து முதலில் பணத்துக்கு வழி செய்தார்கள். அந்த வழியிலும் இப்போது கல் கிடக்கிறது. வரியை வசூலிப்பவை உள்ளாட்சி அமைப்புகள். அது ஆணைக்குழுவின் கைக்கு வந்து சேராமல் நிலுவையாக நிற்பது பழங்கதையாகிவிட்டது. அண்டை மாநிலமான கேரளத்தில் 1989-இல் சட்டம் செய்தார்கள். அங்கே வரி ரூபாய்க்கு ஐந்து பைசாதான். ஆனால் வட்டம், மாவட்டம், மாநிலம் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட நூலக மன்றங்கள் உண்டு. கதவு பூட்டியிருந்தால் போய்க் கேட்க ஓர் ஆள் இருக்கிறார்.

"கையில் செல்பேசி இருக்க நூலகம் எதற்கடா?" என்று விடுதி நண்பன் ஒருவன் கேலி செய்தான். விடுதியில் அவனுக்கு மேசையும் நாற்காலியும் இருக்கின்றன; கேட்கலாம்.

நம் அரசும் இச்சட்டத்தைத் திருத்துவதற்கென 2022-இல் உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தது. திருத்தத்தில் எது வருகிறதோ இல்லையோ, ஊரின் கடைசி மாலைப் பேருந்து வந்து ஒரு மணி நேரமாவது நூலகம் திறந்திருக்க வேண்டும் என்ற ஒரு வரி வர வேண்டும். அந்த 'வேண்டும்' வந்தால், முழு நேர நூலகரும் அவருக்கு முழுச் சம்பளமும் கூடவே வந்தாக வேண்டும். எங்கள் ஊர் நூலகர் அம்மையார் சொற்பத் தொகுப்பூதியத்தில் காலம் தள்ளுபவர். பள்ளி நாள்களில் பூட்டும் நேரம் கடந்தும் எனக்காக விளக்கை அணைக்காமல் காத்திருந்தவர். அவருடைய இரக்கத்தை நம்பியா ஒரு சட்டம் நடப்பது?

இவ்வாண்டும் அம்மா பதினோரு ரூபாய் கட்டிவிட்டு வந்தார். இம்முறை நூலக வரி இருக்கும் இடத்தை அவரே விரலால் தொட்டுக் காட்டினார். "போயிட்டு வந்தியா?" என்று கேட்டார். பூட்டியிருந்தது என்றேன்.