சாரதி ஒருவன்தானா குற்றவாளி?

மலைநாட்டு வீதியில் லொறியொன்று குடைசாய்ந்து உயிர்கள் பலியானால் நமது நாளேடுகள் அதற்கு ஒதுக்கும் இடம் சில வரிகளே. பிரேக் செயலிழந்தது என்றோ, வண்டி சாரதியின் கட்டுப்பாட்டை மீறியது என்றோ ஒரு காரணத்தோடு செய்தி முடிந்துவிடுகிறது. மாண்டவனின் தலைவிதி என்று ஊர் பெருமூச்சு விடுகிறது. சாரதியின் அசட்டை என்று பொலிஸ் எழுதிக்கொள்கிறது. இவ்விரு விடைகளும் ஒரே தொண்டைத்தான் செய்கின்றன. அவ்வண்டிக்கு அளவுக்கு மீறிப் பாரமேற்றி, இத்தனை மணிக்குள் போய்ச் சேர் என்று கட்டளையிட்டு அனுப்பிய மனிதனை அவை நமது கண்களிலிருந்து மறைத்துவிடுகின்றன.

கண்டியிலிருந்து குருநாகலுக்கு இறங்கும் வீதியை எடுத்துக்கொள்வோம். கட்டுகஸ்தோட்டையில் தொடங்கிக் குருநாகல் வழியே புத்தளம் வரை செல்லும் ஏ-10 நெடுஞ்சாலையின் முதற்பகுதி அது. மலைநாடு சமவெளியை நோக்கிச் சரியும் வாயிலில் கலகெதர அமைந்திருக்கிறது. கண்டி இராச்சியத்தைக் காத்த கணவாய்களுள் இதுவும் ஒன்று. 1803-ஆம் ஆண்டு படையெடுத்து வந்த ஆங்கிலேயர் இங்கிருந்த காவலரணைக் கைப்பற்ற வேண்டியிருந்தது. 1867-இல் கண்டிக்கு வந்த ரயில் பாதையோ கடுகண்ணாவை வழியாக ஏறிற்று. கலகெதர அதற்கு வெளியே நின்றுவிட்டது. ஆகவே மணலும் சல்லியும் சீமெந்தும் அரிசியும் இந்த வீதியின் முதுகிலேதான் ஏறி இறங்கவேண்டும். அதே வீதியின் ஓரத்தில்தான் பள்ளிப் பிள்ளைகளும் தொழிலாளரும் நடக்கவேண்டும்.

இறக்கம் என்பது என்ன? கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குருநாகலின் உயரம் ஏறக்குறைய 120 மீற்றர். 10 தொன் எடையுள்ள லொறி இந்த 380 மீற்றரைக் கடந்து கீழே வரும்போது வெளிப்படும் சக்தி, நூறு லீற்றருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. எஞ்சினும் காற்றும் வீதியும் பங்கிட்டுக்கொண்டது போக மீதமுள்ள சக்தி முழுவதும் பிரேக்கில் வெப்பமாக இறங்குகிறது. தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்கினால் எஞ்சினே பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். எரிபொருளை மிச்சப்படுத்தக் கியரைக் கழற்றி நியூட்ரலில் விட்டாலோ, நேரத்தை மிச்சப்படுத்த உயர்ந்த கியரில் விரைந்தாலோ, சுமை பிரேக்கின் தலையில் விழும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் தன் பிடிப்பை இழக்கும். 10 தொன் வண்டி 15 தொன் ஆகும்போது அந்தச் சக்தியும் ஒன்றரை மடங்காகிறது. பிரேக் மட்டும் அதே பழைய பிரேக்தான். 'பிரேக் செயலிழந்தது' என்று எழுதி விசாரணையை மூடுபவர்கள் விளைவையே காரணமென்று எழுதி மூடுகிறார்கள். அது ஏன் செயலிழந்தது என்ற கேள்வியில்தான் உண்மையான விசாரணை தொடங்கவேண்டும்.

அந்தக் கேள்விக்கு விடை வண்டியின் அடியில் மட்டும் இல்லை. கணக்குப் புத்தகத்திலும் இருக்கிறது. மணல் கியூப் கணக்கில் விலை போகிறது. நடைக் கணக்கில் கூலி பெறும் சாரதிக்கு ஒரு நடை குறைந்தால் அடுப்பில் உலை குறையும். ஒரு நடையில் இரண்டு நடைச் சரக்கை ஏற்றினால் எரிபொருளும் கூலியும் மிச்சம். அந்த மிச்சம் உரிமையாளனுக்கும் சரக்குக்காரனுக்கும் போகிறது. மிஞ்சிய பாரத்தின் ஆபத்தோ சாரதிக்கும் உதவியாளனுக்கும் வீதியில் நடப்பவனுக்கும் வந்து சேர்கிறது. இலாபம் ஒரு பக்கமும் மரணம் மறுபக்கமுமாகப் பிரித்துக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு விபத்து என்று பெயர் வைப்பது எவ்வளவு வசதியாக இருக்கிறது!

இதற்கு மேல் நாட்டின் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025-இன் தொடக்கத்தில்தான் அது பரவலாக மீளத் திறக்கப்பட்டது. இடையில், 2022-இல், பொருளாதாரம் சரிந்தது. ரயர் முதல் பிரேக் உறுப்புகள் வரை விலை மலையேறிற்று. பழைய வண்டிகள் மேலும் பழையவையாயின. தேய்ந்த ரயரை மாற்றுவதா, இன்னுமொரு மாதம் ஓட்டுவதா என்பதைத் தீர்மானிப்பவன் யார்? பணப்பையைக் கையில் வைத்திருப்பவன். அந்தத் தீர்மானத்துக்காகச் சிறை செல்ல நேர்பவன் யார்? வளைவை வெட்டித் திருப்பியவன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தண்டனைச் சட்டக்கோவையின் 298-ஆம் பிரிவு, கவனமின்மையாலோ அசட்டைத் துணிவாலோ மரணம் விளைவித்தவனுக்கு 5 ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. 1951-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந் தரப்பினருக்கான காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. தொழிலின் போக்கில் வேலையாள் இழைத்த தவறுக்கு எசமானனும் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்ற கோட்பாடும் நமது சிவில் சட்டத்தில் உண்டு. 1934-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், கடமையில் மாண்ட சாரதியின் குடும்பத்துக்கும் வழி திறக்கிறது. ஏட்டில் இத்தனையும் இருக்கிறது.

ஆனால் ஏழையின் வாசல்வரை இவற்றுள் எது வந்து சேர்கிறது? 1871-ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டப்படி, நட்டஈட்டு வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும். நீதவான் நீதிமன்றத்தில் நடக்கும் குற்றவழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருக்கும் விதவைக்கு, அவ்வழக்கு முடியும்போது சிவில் நீதிமன்றத்தின் கதவு அடைபட்டிருக்கும். இதை அவளிடம் சொல்வார் யார்? காப்புறுதி நிறுவனத்தின் ஆள் ஒரு சிறுதொகையோடு வருவான், செத்தவீட்டின் கடன் தலைக்குமேல் நிற்கும், ரேகை வைத்துவிடுவாள். சட்டம் அவளை ஏமாற்றவில்லை. சட்டத்தை அறியாத நிலையில் அவளை வைத்திருக்கும் சமுதாயம் ஏமாற்றிற்று.

தண்டனையைக் கூட்டினால் போதும் என்பாரும் உளர். அண்டை நாடான இந்தியா அந்த வழியைச் சோதித்துப் பார்த்தது. அங்கு இயற்றப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, விபத்து நேர்ந்தபின் அறிவிக்காமல் தப்பியோடும் சாரதிக்கு 10 ஆண்டுகள் வரை சிறை என்றது. 2024 ஜனவரியில் லொறிச் சாரதிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவ்வாண்டு ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இப்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. தப்பியோடுவது கொடுமைதான். ஆனால் கூட்டம் அடித்துக் கொன்றுவிடும் என்ற அச்சத்தை நீக்காமல் சிறையை மட்டும் நீட்டினால் ஓட்டம் நிற்குமா? அதே நாட்டின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இதைவிட அறிவான விதியொன்று இருக்கிறது. அதிக பாரம் ஏற்றிய வண்டி பிடிபட்டால், அது உரிமையாளனின் அறிவோடோ கட்டளைப்படியோ நடந்ததென்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என்கிறது 113-ஆம் பிரிவு. குற்றத்தின் வேரைத் தொடுவது இத்தகைய விதியே.

உலகம் இதற்கு மேலும் சென்றிருக்கிறது. சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1979-ஆம் ஆண்டு 153-ஆம் உடன்படிக்கை, இடைவேளையின்றி 4 மணிநேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, நாளுக்கு 9 மணிநேரத்தைத் தாண்டக்கூடாது, ஒவ்வொரு 24 மணிநேரத்திலும் தொடர்ச்சியாக 10 மணிநேர ஓய்வு வேண்டும் என்று வரையறுக்கிறது. இலங்கை இதனை ஏற்றுறுதி செய்யவில்லை. அவுஸ்திரேலியாவில் 2014 முதல் நடைமுறையிலுள்ள கனரக வாகனச் சட்டம், சரக்கை அனுப்புபவன், ஏற்றுபவன், நேரத்தை வகுப்பவன் ஆகிய அனைவரையும் ஒரே பொறுப்புச் சங்கிலியில் பிணைக்கிறது. சாரதியை விதிமீறத் தூண்டும் ஒப்பந்தம் போட்டவனும் அங்கே பதில் சொல்லவேண்டும்.

குடித்துவிட்டு ஓட்டும் சாரதியையும் மன்னிக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை, அவன் தண்டிக்கப்படவேண்டியவனே. தனியார் இலாபம் மட்டும்தான் காரணமென்றும் நாம் வாதாடவில்லை. 2025 மே 11-ஆம் நாள் கதிர்காமத்திலிருந்து குருநாகலை நோக்கி வந்த அரச பஸ் கொத்மலையில் பள்ளத்தில் வீழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அதில் கொள்ளளவை மீறிய கூட்டம் இருந்தது. உடைமை எவருடையதாயினும், மனித உடலின் களைப்புக்கும் வண்டியின் தாங்குசக்திக்கும் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாத நிர்வாகம் கொலைகார நிர்வாகமே. போக்குவரத்துச் செலவு கூடும், அரிசி விலை ஏறும் என்பார்கள். ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்ட உயிர்களை வீதியில் இழக்கும் இந்த நாடு அச்செலவை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கொடுப்பவர்கள் ஏழைகளாதலால் கணக்கில் ஏறவில்லை, அவ்வளவே.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. மலையிறக்கங்களின் தலைப்பில் எடைமேடையும் பிரேக் சோதனையும் வேண்டும். நடைக் கூலியை ஒழித்து மாதச் சம்பளமும் ஓய்வு நேரமும் சட்டமாக்கப்படவேண்டும். உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு வழக்கிலும் சரக்குச் சீட்டும் வேலை நேரமும் பழுதுபார்த்த கணக்கும் நீதிமன்றத்தில் வைக்கப்படவேண்டும். சரக்குக்காரனும் உரிமையாளனும் சாரதியோடு கூண்டில் ஏறவேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யக்கூடியது நிறைய உண்டு. இறங்கும் லொறியின் சக்தியைக் கணக்கிடும் பாடத்தைக் கலகெதர இறக்கத்தை வைத்தே வகுப்பில் நடத்தலாம். உங்கள் ஊரில் விபத்து நேர்ந்த வீட்டுக்குச் சென்று, 2 ஆண்டு எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம்; சட்ட உதவி ஆணைக்குழுவின் வாசலைக் காட்டலாம். சாரதிகளின் சங்கத்தோடு தோள் சேரலாம். அடுத்த முறை பத்திரிகையில் 'பிரேக் செயலிழந்தது' என்று படிக்கும்போது, பாரம் எத்தனை தொன், அந்த மனிதன் எத்தனை மணிநேரம் தூங்கினான், அவனை அனுப்பியவன் யார் என்ற மூன்று கேள்விகளையும் எழுதிப் பத்திரிகைக்கும் பொலிஸுக்கும் அனுப்புங்கள். விடை வரும்வரை அனுப்பிக்கொண்டே இருங்கள்.