தாழாத பார்வை

சில ஆண்டுகளுக்கு முன் எமது மஹல்லாப் பள்ளிவாசலில் ஒரு பெரியவரைப் பற்றி முணுமுணுப்பு எழுந்தது. அறுபத்தைந்தைக் கடந்தவர்; முதல் ஸஃப்பை விட்டுக்கொடுக்காதவர். தொழுகையில் நிற்கும்போது பார்வையை ஸஜ்தாச் செய்யும் இடத்தில் வைக்காமல் நேரே மிஹ்ராபை வெறித்தபடி நிற்கிறார் என்பது ஒரு குறை. எதிரில் வருவோர் ஸலாம் சொன்னால் முகத்தில் சலனமில்லை, இமைகூடக் கொட்டுவதில்லை, பெருமை பிடித்துவிட்டது என்பது மற்றொன்று. ஹவுளில் உளூச் செய்துவிட்டுப் படியிறங்குகையில் இரண்டு முறை மல்லாந்து விழுந்தார். சாப்பிட உட்கார்ந்தால் பாதிச் சோறு சட்டையில் சிந்துகிறது என்று வீட்டார் வருந்தியதாகவும் கேள்விப்பட்டோம். ஒருவர் நம்மிடமே வந்து, "உஸ்தாத், பார்வையைத் தாழ்த்தித் தொழும் அதபைப் பற்றி ஜுமுஆ பயானில் சொல்லுங்கள், அவருக்கும் உறைக்கட்டும்" என்றார். நாமும் சொன்னோம். அவரும் முன்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் நெஞ்சு சுடுகிறது.

அவரால் கீழே பார்க்க முடியவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

அதன்பின் ஒன்றரை ஆண்டு கழித்தே நரம்பியல் மருத்துவர் ஒருவர் நோயின் பெயரைச் சொன்னார்: ப்ரோக்ரஸிவ் சூப்ராநியூக்ளியர் பால்ஸி. 1964ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஸெவ்ஸ்கி ஆகிய மருத்துவர்கள் விரிவாக எழுதி வெளியிட்ட நோய் இது. இதில் கண் கெடுவதில்லை. கண்ணைச் சுழற்றும் தசைகளும் கெடுவதில்லை. மேலும் கீழும் பார்வையைச் செலுத்துவதற்கான ஆணை பிறக்கும் நடுமூளைப் பகுதி சிதைகிறது. மருத்துவர் அவரை எதிரிலுள்ள ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லி, தலையைப் பிடித்து மெல்லப் பின்னுக்குச் சாய்த்தாராம். கண்கள் தாமாகக் கீழே இறங்கின. 'கீழே பாருங்கள்' என்றபோது அசையாத அதே கண்கள்! படியில் விழுந்ததும், சோறு சிந்தியதும், முகம் இறுகியதும், பேச்சும் சிந்தனையும் மந்தமானதும் ஒரே நோயின் கிளைகள். நாமோ ஒவ்வொன்றுக்கும் ஒரு குணக்கேட்டைப் பெயராக வைத்திருந்தோம்.

பார்வை என்பதைக் கண்ணின் வேலை என்றே நம்மில் பலர் கருதுகிறோம். மத்ரஸாவில் பிள்ளைகளை எதிரில் உட்காரவைத்து ஓதக் கேட்பவர்களுக்கு ஓரளவு வேறு அனுபவம் உண்டு. ஓதும் பிள்ளையின் கண், வரியின் மீது நீரோடுவது போல் வழுக்கிச் செல்வதில்லை. தத்தித் தத்திச் செல்கிறது. 1870களின் இறுதியில் பாரிஸில் எமில் ஜாவல் என்னும் கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் இதைக் கவனித்து எழுதினார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஏறக்குறைய கால் விநாடி தங்கி, பிறகு கண் தாவுகிறது. தாவும் அந்த இமைப்பொழுதில் நாம் ஏறக்குறைய எதையுமே காண்பதில்லை. அடுத்து எங்கே தாவுவது, எவ்வளவு தூரம் தாவுவது, எதைப் பாராமல் விடுவது என்பதையெல்லாம் மூளையின் முன்மடலும் பக்கமடலும், சிறுமூளையும், மூளைத்தண்டும் கூடித் தீர்மானிக்கின்றன. இத்தனை உறுப்புகள் சேர்ந்து செய்யும் வேலை என்பதால்தான் அறிவு தளரும் நோய்கள் பலவற்றின் சாயல் கண்ணசைவில் படிகிறது.

1978இல் ஹாலெட் என்பவர் வெளியிட்ட எளிய சோதனை ஒன்று இன்றும் ஆய்வாளர்களிடம் வழக்கில் உள்ளது. வலப்பக்கம் ஒளிப்புள்ளி தோன்றினால் இடப்பக்கம் பார்க்க வேண்டும். இடப்பக்கம் தோன்றினால் வலப்பக்கம். சொல்வதற்கு எளிது. வகுப்பறைக் கதவு திறக்கும்போது திரும்பாதிருக்க நம் பிள்ளைகள் படும் பாட்டை எண்ணினால் இதன் கடினம் விளங்கும். நலமாக இருப்பவரும் சில முறை தவறுவார். ஆனால் தவறியதை உடனே உணர்ந்து பார்வையைத் திருப்பிக்கொள்வார். அல்ஸைமர் நோயாளிகள் தவறுவதும் அதிகம், தவறியதைத் திருத்தாமல் விடுவதும் அதிகம். பார்க்கின்ஸன் நோயிலோ தாவல் குறுகிவிடுகிறது. ஓர் எட்டில் அடைய வேண்டிய இடத்தைக் கண் பல சிற்றெட்டுகளில் அடைகிறது. நோயே இல்லாத முதுமையிலும் கண் தாவத் தொடங்கும் வேகம் சற்றுக் குறையும், மேல்நோக்கிப் பார்க்கும் எல்லையும் சுருங்கும். ஆகவே வாப்பாவின் கண்ணைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே நோய்க்குப் பெயர் சூட்டுவது பிழை. கண்ணசைவை மட்டும் அளந்து அல்ஸைமரை உறுதிசெய்யும் வழக்கமான பரிசோதனையும் இன்று கிடையாது. நாம் சொல்வது, கவனியுங்கள், கண்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள் என்பதுதான்.

ஹாஃபிழ்கள் உள்ள வீடுகளுக்குத் தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பாஸ்டீரியர் கார்ட்டிகல் அட்ரஃபி என ஒரு நிலை உண்டு. பெரும்பாலும் அல்ஸைமர் நோயின் ஒரு வடிவம். 1988இல் ஃபிராங்க் பென்ஸன் இதை விவரித்தார். கண் நல்ல நிலையில் இருக்கும். ஆனால் படிக்கும்போது வரி தவறும். எதிரில் இருக்கும் தண்ணீர்க் குவளை கண்ணில் படாது. வீட்டார் மீண்டும் மீண்டும் கண்ணாடி மாற்றிக்கொண்டிருப்பார்கள். மனனம் செய்தவர் முஸ்ஹஃபைத் திறந்து வைத்துக்கொண்டு நெஞ்சிலிருந்து ஓதிவிடுவதால் அவரது பார்வை வரியில் நிற்கவில்லை என்பது நெடுநாள் எவருக்கும் தெரியாது. கல்யாணப் பத்திரிகையையோ மின்கட்டண ரசீதையோ படிக்கச் சொன்னால்தான் தெரியும்.

லூயி பாடி டிமென்ஷியா எனும் நோயில் அறையில் இல்லாத சிறுவர்களையும் பிராணிகளையும் முதியவர்கள் தெளிவாகக் காண்பார்கள். நம் ஊர்களில் அதற்கு உடனே என்ன சொல்வார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை. ஜின்களை மறுப்பவர்கள் அல்லர் நாம்; அது நம் ஈமானுக்குரிய விஷயம். ஆயினும் நோயாளியின் கண்ணில் தெரிவதெல்லாம் ஜின் என்று தீர்ப்பளிக்கும் உரிமை தகடு எழுதுவோருக்கு எங்கிருந்து வந்தது? அங்கே செலவாகும் மாதங்கள் திரும்ப வருவதில்லை.

இன்னும் சிலர் ஹதீஸையே காட்டுவார்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவிய நபி (ஸல்) அவர்கள் மருந்தில்லாதது என முதுமையை விலக்கியுள்ளார்களே என்பார்கள். உண்மைதான். ஆனால் முதுமையில் வரும் ஒவ்வொன்றும் முதுமையாகிவிடுமா? தைராய்டுக் குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்தபின் மண்டையோட்டுக்குள் மெல்லத் தேங்கும் இரத்தம் ஆகியவையும் அறிவு மங்கியது போன்ற தோற்றத்தைத் தரும். இவற்றுக்கெல்லாம் சிகிச்சை உண்டு. 'வயசாயிடுச்சு' என்ற ஒற்றைச் சொல்லால் இவற்றையும் மூடிவிடுகிறோம். எமது மஹல்லாப் பெரியவரின் நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்று இல்லை. எனினும் பெயர் தெரிந்த நாள்முதல் அவர் வீட்டில் ஏச்சு நின்றது. அதைச் சிறிய நன்மை என்று நாம் கருதவில்லை.

ஃபிக்ஹில் இவர்களுக்கு இடமில்லாமல் இல்லை. ஸஜ்தாவின் இடத்தைப் பார்ப்பது சுன்னத்து. பார்க்காததால் தொழுகை முறியாது. குனிய இயலாதவர் தலையால் சைகை செய்வதை இரு மத்ஹபுகளும் ஏற்கின்றன. தலையும் அசையாவிட்டால் கண்ணிமையாலும், அதுவும் இயலாவிட்டால் உள்ளத்தாலும் தொழுகையின் நிலைகளைக் கடக்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துகிற நாம், கண்ணும் தாழாத ஒருவர் எதிரில் இருந்தபோது அதபைப் போதித்தோம்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஹவுள் படிகளின் விளிம்பில் பளிச்சென்ற வண்ணம் பூசி, பிடித்திறங்கக் கம்பி வைக்க எவ்வளவு செலவாகும்? எம் ஊரில் அதற்கே மூன்று கூட்டங்கள் நடந்தன. வீடுகளில் இன்னும் எளிது. தட்டைச் சிறிய மேசைமேல் உயர்த்தி வைக்கலாம். முஸ்ஹஃபை மடிக்கு நேரே வைக்காமல் முகத்துக்கு நேரே நிறுத்தலாம். விருந்தினர் முன் 'இது யார் சொல்லுங்க வாப்பா' என்று பரீட்சை நடத்துவதை விட்டுவிடலாம்.

நோய் தெரிந்த வாரமே மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குச் சென்றோம். கட்டிலில் அமர்ந்திருந்தார். மரியாதை என்று எண்ணி, கீழே விரித்திருந்த பாயில் அமர்ந்து ஸலாம் சொன்னோம். பதில் வந்தது, ஆனால் பார்வை எதிர்ச்சுவரில் நம்மைத் தேடிக்கொண்டிருந்தது. அவருடைய மகன் உள்ளே சென்று ஒரு நாற்காலியை எடுத்துவந்து, அவர் முகத்துக்கு நேரே போட்டு, "இதுல உக்காருங்க ஹஜ்ரத், அப்பதான் வாப்பாவுக்குத் தெரியும்" என்றார்.