அரசர் வந்துவிட்டார், தபால்தலை வரவில்லை

மீனம்பாக்கம் ஓடுபாதைக்குப் பக்கத்து ஊரான குரோம்பேட்டையில் ஒருவர் தபால்தலை சேகரிக்க ஆரம்பித்தால், விமானத் தபால் மீது ஆசை வராமல் போகாது. அந்த ஆசைக்குச் செல்போனிலேயே கடை விரித்திருக்கிறார்கள். போலிகளும் அதே கடையில்தான் விலைபோகின்றன. அவற்றைப் பிடிக்கப் பலரும் முதலில் வாங்குவது லென்ஸும் புற ஊதா விளக்கும். வாங்கட்டும், ஆனால் முதலில் படிக்க வேண்டியது வரலாறு.

1911 பிப்ரவரி 18 அன்று பிரெஞ்சு விமானி ஹென்றி பெக்கே, அலகாபாத் கண்காட்சித் திடலிலிருந்து யமுனையைத் தாண்டி நைனிக்குச் சுமார் 6,500 கடிதங்களைக் கொண்டுபோனார். உலகின் முதல் அதிகாரப்பூர்வ விமானத் தபால் அது. அந்தக் கவர்களில் விழுந்த சிறப்பு முத்திரையை எவரும் ரப்பரில் வெட்டிவிடலாம். மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. ஐந்தாம் ஜார்ஜ் 1910லேயே அரியணை ஏறிவிட்டார். அவர் தலை பொறித்த இந்தியத் தபால்தலைகளோ 1911 டிசம்பரில்தான் வெளிவந்தன. பிப்ரவரிக் கவரில் அவர் முகம் இருந்தால் விளக்கே வேண்டாம்.

நம்மூர் உதாரணமும் உண்டு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை, விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரியில் இரவு தங்கி மறுநாள் சென்னை சேர்த்தார். கராச்சிக் கவரில் அதே 15ஆம் தேதிச் சென்னை முத்திரை இருந்தால் என்ன சொல்வது? பின்கோடு வந்தது 1972இல். பழைய முகவரியில் ஆறு இலக்கம் கண்டாலும் அதே கதைதான்.

விளக்கு அறவே வீண் என்பதல்ல. வெண்மையூட்டி கலந்த பிற்காலக் காகிதம் அதன் ஒளியில் நீலமாய்ப் பளிச்சிடும். ஆனால் தபால்தலை அசலாகவே இருந்தால்? 1948இன் பத்து ரூபாய் காந்தி தலையில் அரசு அலுவலுக்கென ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்டவை வெறும் 100. அசல் தலையை வாங்கி அந்த ஒரு சொல்லை மட்டும் போலியாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே எழுத்தின் வடிவத்தை ஒப்பிட்டறிந்த நிபுணரின் சான்றிதழ் இல்லாமல் பணத்தை எண்ணிக் கொடுக்கக் கூடாது.

ஏமாந்தவர் தன் கைக்கு வந்த போலியை அடுத்தவர் தலையில் கட்டுவதுதான் பெரிய கேடு. பின்புறத்தில் ‘போலி’ என்று அழியாத மையில் எழுதிவைப்பதைச் சேகரிப்போர் சங்கங்கள் வழக்கமாக்க வேண்டும். விற்பவரும் கவரின் முன்பக்கத்தை மட்டும் படமெடுத்துப் போட்டால் போதாது. வந்துசேர்ந்த ஊரின் முத்திரை பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் விழுந்திருக்கும்.