போமட் பண்ணுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு சூரா அல்பகராவின் 282ஆவது வசனம் எமக்குக் கட்டளையிடுகிறது. எமது மூத்த வியாபாரிகள் அதைக் கொப்பியில் எழுதினார்கள். இரவில் கடையைப் பூட்டும்போது அந்தக் கொப்பியை லாச்சியில் வைத்துப் பூட்டினார்கள். இன்று அந்தக் கொப்பி கணனிக்குள் போய்விட்டது. யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்கு எந்தத் திகதியில் செக் கொடுத்திருக்கிறோம், ஸ்டோரில் என்ன சரக்கு இருக்கிறது என்பதெல்லாம் அதற்குள்தான். ஆனால் கொப்பிக்குக் கொடுத்த கவனத்தில் பாதியையாவது நாம் கணனிக்குக் கொடுக்கிறோமா என்பதே எனது கேள்வி.

இக்கேள்விக்குக் காரணம் உண்டு. பயர்வோல் போன்ற பாதுகாப்பு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பின்னர் கணனி எழும்ப மறுப்பது எமது கடைகளில் நடக்கின்ற சங்கதி. வின்டோஸ் சின்னம் தோன்றும். நீலத் திரை வரும். தானாக அணைந்து மறுபடி தொடங்கும். மீண்டும் நீலத் திரை. பில் போட முடியாமல் வாடிக்கையாளர்கள் நிற்க, முதலாளி கணனி திருத்தும் தம்பிக்குப் போன் எடுப்பார். தம்பியும் வந்து பார்த்துவிட்டு, "வின்டோஸ் போய்ட்டு ஹாஜி, போமட் பண்ணத்தான் வேணும்" என்பார். "என்னமாவது செஞ்சு கெதியா முடிங்க" என்பார் முதலாளி. பின்னேரம் கணனி வேலை செய்யும். மூன்று வருடக் கணக்கு மட்டும் இருக்காது.

இங்கே கணக்கை அழித்தது பயர்வோல் அல்ல, எமது அவசரம்தான் என்று நான் சொல்வேன்.

பயர்வோல் என்பது கணனியின் வாசற்காவலாளி. சாதாரண மென்பொருள்கள் வின்டோஸ் எழுந்த பின்னர் நாம் திறக்கும்போதுதான் வருகின்றன. இதுவோ வின்டோஸுடன் சேர்ந்தே எழும்புகிறது. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கண்காணிக்க வேண்டியிருப்பதால், டிரைவர் எனப்படும் தனது கோப்புகளை வின்டோஸின் அடித்தளத்திலேயே பதித்துக்கொள்கிறது. அங்கே பிழை ஏற்பட்டால் அந்த மென்பொருள் மட்டுமல்ல, முழுக் கணனியும் நின்றுவிடும். பழைய பாதுகாப்பு மென்பொருளை முழுமையாக நீக்காமல் புதியதைப் போட்டாலும் இக்கதி நேரலாம். ஒரே வாசலில் இரண்டு காவலாளிகள் மல்லுக்கு நின்றால் முதலாளியே உள்ளே போக முடியாது. ஆனால் கணக்குக் கோப்புகள் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்கில் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2010 ஏப்ரல் 21இல் மெக்காபி வெளியிட்ட வைரஸ் காப்பு இற்றைப்படுத்தல் ஒன்று, வின்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. கணனிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19, ஒரு வெள்ளிக்கிழமை, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான கோப்பொன்று இலங்கை நேரப்படி காலை 9.39க்கு வெளியாகி 10.57க்கு மீளப் பெறப்பட்டது. 78 நிமிடம்தான். அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் வின்டோஸ் கணனிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசொப்ட் கணக்கிட்டது. விமானங்கள் நின்றன, வங்கிகள் தடுமாறின. அதற்கான பரிகாரம் போமட் அல்ல. கணனியைச் சேஃப் மோடில் எழுப்பி, அந்தப் பிழையான கோப்பை அழிப்பதுதான் அன்று சொல்லப்பட்ட வழி.

எமது கடைக் கணனிக்கும் வழி ஏறக்குறைய அதுவே. முதலில் நீலத் திரையில் வரும் எழுத்துகளைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய வின்டோஸ் 7 என்றால் எழும்பும்போது எப்8 விசையை அழுத்த வேண்டும். வின்டோஸ் 10, 11 ஆகியவற்றில், இரண்டு மூன்று தடவை எழும்பத் தவறினால் திருத்தும் திரை பொதுவாகத் தானாகவே வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் சேஃப் மோட் கிடைக்கும். வெளியார் மென்பொருள்களில் பெரும்பாலானவை அங்கே எழும்புவதில்லை.

உள்ளே போனதும் முதல் வேலை, கணக்குக் கோப்புகளைப் பென் டிரைவில் பிரதி எடுப்பது. திருத்துவது அதற்குப் பிறகுதான். பயர்வோலை நீக்கிப் பாருங்கள். சேஃப் மோடில் நீக்க முடியாவிட்டால், அதற்கென்றே தயாரிப்பாளர் தரும் நீக்கும் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். அல்லது சிஸ்டம் ரிஸ்டோர் மூலம் மாற்றத்துக்கு முந்திய நாளுக்குத் திரும்பலாம். எதுவும் சரிவராவிட்டால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொரு கணனியில் பூட்டிக் கோப்புகளை எடுக்கச் சொல்லுங்கள். பிட்லொக்கர் பூட்டுள்ள கணனி 48 இலக்கத் திறப்பைக் கேட்கும். அதை இன்றே எழுதி வையுங்கள்.

திருத்த வரும் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். போமட் செய்வது முடிவு நேரம் தெரிந்த வேலை. கோளாறைத் தேடுவது அப்படியல்ல. நாமோ "எவ்வளவு நேரம் போகும், எவ்வளவு காசு" என்று மட்டுமே கேட்கிறோம். "எனது கணக்கு எங்கே, பிரதி எடுத்தாயா" என்று கேட்பதில்லை. கேட்டு, அந்த உழைப்புக்கும் கூலி கொடுக்கத் தயாராக இருந்தால் அவரும் பொறுமையாகப் பார்ப்பார்.

சிலர் கோபத்தில் பயர்வோலே வேண்டாம் என்று எடுத்துவிடுகிறார்கள். இது அதைவிடப் பெரிய ஆபத்து. 2017 மே மாதம் உலகெங்கும் கணனிகளைப் பூட்டிக் கப்பம் கேட்ட வன்னாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலை, மைக்ரோசொப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்களே பெரிதும் அகப்பட்டார்கள். ஆகவே காவலாளி வேண்டும். ஆனால் காவலாளியை மாற்றும் நேரத்தை முதலாளியே தீர்மானிக்க வேண்டும். பெருநாள் வியாபாரம் சூடுபிடித்திருக்கும்போது அதில் கை வைக்கக் கூடாது. இரண்டு மூன்று கணனி உள்ளவர்கள் ஒன்றில் போட்டுச் சில நாள் பார்த்துவிட்டுக் கேஷியரின் கணனிக்கு வரலாம். வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பழைய கணனி வைத்திருப்போர், புதிய பதிப்பு அதில் ஓடுமா என்று கேட்டுவிட்டே போட வேண்டும்.

நாம் கேட்காமலே சில இற்றைப்படுத்தல்கள் தானாக வந்திறங்கும். அவற்றுக்கு ஒரே மருந்து, தினமும் எடுக்கும் பிரதி. அதை எடுத்ததும் கணனியிலிருந்து கழற்றிவிட வேண்டும். வாரம் ஒரு பிரதியாவது கடைக்கு வெளியே, வீட்டில் இருக்க வேண்டும்.

கணக்கு எமது சொத்து மட்டுமல்ல. நாம் பிறருக்குக் கொடுக்க வேண்டியதும் அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அது அடுத்தவரின் ஹக். ஸகாத் கணக்கிடும் நாளில் கையிருப்புச் சரக்கையும் வரவேண்டிய கடனையும் எதை வைத்துப் பார்ப்பது? கணனி நின்றுவிட்டது என்ற காரணத்தால் அந்தப் பொறுப்பு எம்மை விட்டு நீங்கப்போவதில்லை. எனவே அடுத்த தடவை யாராவது போமட் என்று சொன்னால், பிரதி எடுத்த பென் டிரைவை முதலில் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.